பக்கத்து சீட்டுக்கு ஸ்பிரிங்

வேலாயுதம் மாஸ்டர், உயர்த்திக் கட்டிய தன் ஜீப்பை ஹட்டனிலுள்ள ஜீவராஜின் கராஜுக்குக் கொண்டுவந்தார்.

"தம்பி, இந்த காயில் ஸ்பிரிங் ரொம்ப கடினமா இருக்கு. மெத்துன்னு வேற போடணும்."

ஜீவராஜ் சிரித்தான். "இடுப்பு ஒடிஞ்சாதான் ஜீப்புன்னு சொல்லுவீங்களே மாஸ்டர்! வயசாயிருச்சா?"

"எனக்கில்ல. பக்கத்து சீட்டுக்கு."

"அட! பத்து வருஷமா தனிக்கட்டையா ஓட்டுனீங்க. யாருங்க அந்த மகாராணி?"

மாஸ்டருக்கு வெட்கம் வந்துவிட்டது. "கோயில் திருவிழாவுல பழக்கம். அவங்களும் துணையில்லாதவங்கதான். ஞாயித்துக்கிழமை நுவரெலியா கூட்டிப் போகலாம்னு இருக்கேன்."

"ஜமாயுங்க! ஆனா பாரத்தைப் பார்த்துத்தான் ஸ்பிரிங் தெரிவு செய்யணும். அவங்க எடை எவ்வளவு?"

மாஸ்டர் தயங்கினார். "அதை நீங்கதான், தம்பி, வீட்ல கேட்டுச் சொல்லணும். உங்க அம்மா எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க."

 அப்பா இறந்தபின் அம்மா வாய்விட்டுச் சிரித்ததை ஜீவராஜ் கேட்டது இந்த மாதம்தான். காரணம் இப்போது புரிந்தது. ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

திரும்பி வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பு.

"அம்பத்தெட்டு கிலோவாம் மாஸ்டர். கூடவே ஒரு கூடை சாப்பாடும் வருதாம். அதையும் சேர்த்துக்கச் சொன்னாங்க."