இடது சீட்டில் எழுபத்திரண்டு கிலோ

"இடது சீட்டுக்கு எழுபத்திரண்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மெக்கானிக் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் ஒரு அடி முன்னால் வந்தார். கார் அவருடைய மனைவியின் கார்.

வலது சீட்டில் ஏற்கெனவே ஐம்பத்தாறு கிலோ மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. அது மனைவி, சந்தேகமில்லை. அவளுக்குப் பக்கத்தில் சொகுசாகச் சாய்ந்திருக்கிற இந்த எழுபத்திரண்டு யார்?

வாத்தியார் எண்பத்து நாலு கிலோ. மருந்துக்கடை வாசல் மெஷின் போன வாரம்தான் சீட்டு அடித்துக் கொடுத்தது, அதை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தார். போதாததற்கு, அந்தக் காரில் அவர் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே ஒரு தடவை ஏறினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கித் தூக்கிப் போட்டதில் நாலு நாள் குனிய முடியவில்லை. அன்றோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்கு மாறிவிட்டார்.

ஐந்து மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுங்கள் என்று காலையில் மனைவி சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் நாலரைக்கே வந்துவிட்டார். வந்தவர் யாரென்று மெக்கானிக் கேட்கவில்லை. இவரும் கார் தன் மனைவியுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை.

எதற்கு மூட்டை என்று மட்டும் மெதுவாக விசாரித்தார். குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷனைப் புதுசாகப் போட்டால், வழக்கமாக உட்காருகிற ஆட்களின் எடையை உள்ளே ஏற்றி வைத்துத்தான் காரின் உயரத்தைச் சரி பண்ணுவோம் என்றார் மெக்கானிக். என்றைக்கோ ஒருநாள் ஏறுகிறவர்களை எல்லாம் கணக்கில் எடுக்க மாட்டோம், தினம் ஏறுகிற ஆள்தான் கணக்கு என்றார்.

தினம்! வாத்தியார் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக்குக் கை வேலையில் இருந்தது, வாய் சும்மா இருந்தது. எனவே அதுவும் ஓடியது. மேடம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவங்க, வாரம் முழுக்கக் கத்துக்குட்டிகளோடு மாட்டு வண்டி வேகத்தில் போகிறவங்க, இந்தக் கார் ஒன்றுதான் அவங்களுக்கு ஆசை. போன மாசம்கூட, பந்தயக் காருக்குப் போடுகிற மாதிரி கல் போன்ற ஸ்பிரிங்தான் வேண்டும், ரோட்டின் மேடு பள்ளம் ஸ்டீயரிங் பிடித்த கைக்குத் தெரிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாங்க. தெருவில் ஓட்டுகிற காருக்கு அது ஆகாது என்று மெக்கானிக் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. இந்த வாரம் அவங்களே வந்து, இருக்கிறதிலேயே மெத்தென்று இருப்பதைப் போடச் சொல்லிவிட்டாங்களாம்.

"ஏன் திடீர்னு மனசு மாறிட்டாங்க?"

"பக்கத்துல உக்கார்றவருக்கு நோகக் கூடாதாம் சார். மூணு தடவை சொல்லிட்டாங்க."

"யாராம் அவரு?"

"நமக்கெதுக்கு சார் அந்த வம்பு?" என்று மெக்கானிக் காருக்கு அடியில் போய்விட்டார்.

வாத்தியார் மனசுக்குள் தெரிந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார். டிரைவிங் ஸ்கூல் மேனேஜர் நூறைத் தாண்டுவார், அவர் இல்லை. மாடி வீட்டுக்காரன் ஐம்பது தேறினால் அதிகம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்! சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை, எழுபத்திரண்டு இருப்பான், கிராம் சுத்தமாக இருப்பான்.

எப்போது நடந்திருக்கும் என்று யோசித்தார். காலையில்தான். நடக்கப் போகிறேன் என்று இவர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பி, மூலைக் கடை பெஞ்சில் பேப்பரும் வடையுமாக உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான். ஆறு மாசமாக வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இருபத்தொரு வருஷம். சட்டையில் பட்டன் விழுந்தால் இவர் சொல்வதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். தனக்கு அவளைப் பற்றி என்ன தெரியும் என்று தேடிப் பார்த்தார், சட்டென்று ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவளோடு போயிருக்கலாம்.

ஐந்து அடித்தது. மனைவி கைப்பையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். புதுப் புடவை. அதையும் குறித்துக்கொண்டார்.

"சீக்கிரமே வந்துட்டீங்களா?" என்றவள், நேராகப் போய் காரின் மூக்கை அழுத்தி விட்டுப் பார்த்தாள். அது பதறாமல் அமுங்கி எழுந்தது. அவள் முகத்தில் பதினெட்டு வயசுச் சிரிப்பு.

வாத்தியாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்தார். கத்த வேண்டும் என்றுதான் நினைத்தார், கெஞ்சலாகத்தான் வந்தது.

"எங்கிட்ட மறைக்காத. யாரு அந்த எழுபத்திரண்டு கிலோ?"

அவள் காரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. மேலிருந்து கீழே இறங்கிய பார்வை, இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த சட்டையின் நாலாவது பட்டனில் வந்து நின்றது.

"நடந்து நடந்து எழுபத்திரண்டுக்கு இறங்கிட்டேன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"