முப்பத்திரண்டு உலகம்மைகள்

முப்பத்திரண்டு படிவங்களிலும் ஒரே பெயர்: உலகம்மை. ஒரே கதவிலக்கம்: பதினான்கு.

கல்லூரி ஆசிரியை பாலாம்பாள் மறுபடியும் முதலிலிருந்து புரட்டிப் பார்த்தாள். மனைவியரை அடிக்கும் கணவர்களைப் பற்றிய ஆய்வு அது. படிவங்களைப் பார்க்க மதியம் குற்றாலம் பஸ்ஸில் பேராசிரியர் இலஞ்சிக்கு வருகிறார். "அடிபட்டவள் பதில் சொன்னால் போதும், கேள்வி கேட்பது நம் வேலை" என்று அவர் தடுத்தும், தங்கபுஷ்பத்தைத் துணை ஆய்வாளராகச் சேர்த்தவள் பாலாம்பாள்தான்.

கணவனின் அடிக்குத் தப்பிப் பிறந்த ஊருக்கே திரும்பி, பீடி சுற்றிப் பிழைப்பவள் தங்கபுஷ்பம். அவள் உள்ளே நுழைந்ததும் பாலாம்பாள் வெடித்தாள்.

"ஒரு வீட்டுக்கும் போகாம, உக்காந்த எடத்துலயே எழுதிட்டியா? உன்னை நம்பினேனே!"

"போனேன் டீச்சர். முப்பத்திரண்டு பேரும் அழுதாங்க. ஆரு என்ன சொன்னாங்கன்னு எம் மனசுல இருக்கு."

"உன் மனசையா பேராசிரியர்கிட்ட நீட்டுவேன்?"

பதில் வருமுன் வாசல் இருண்டது. உச்சிமாகாளி நின்றான், பதில் சொன்ன முப்பத்திரண்டு பேரில் ஒருத்தியான வள்ளித்தாயின் கணவன்.

"எம் பொண்டாட்டி என்னத்தச் சொல்லியிருக்கா? எடும்மா அந்தத் தாள!"

பாலாம்பாள் மறைப்பதற்குள் படிவக் கட்டைப் பிடுங்கிவிட்டான். விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினான். இன்று வள்ளித்தாயின் கதி என்னவோ என்று பாலாம்பாள் பதறினாள்.

"உலகம்மை... இதுவும் உலகம்மை..." அவன் சிரித்தேவிட்டான். "ஏட்டி, ஒரே பொம்பளையா முப்பத்திரண்டு தடவ அடி வாங்கியிருக்கா? நல்லா படிக்கிய, போங்க!"

தாள்களை விசிறியெறிந்துவிட்டு நடந்தான்.

நன்மை செய்யப் புறப்படுகிறவர், அதற்கான அடி யார் முதுகில் விழும் என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பெயருக்கும் கதவிலக்கத்துக்கும் கட்டம் போட்டு, எதையும் காலியாக விடாதே என்று கட்டளையும் இட்ட பாலாம்பாளுக்கு அது தோன்றவில்லை. இப்போது தோன்றியது, கூடவே ஒரு பயமும்.

"பேரை மறைச்சே, சரி. அந்தப் பதினாலாம் நம்பர் வீட்டுக்காரி என்ன பாவம் பண்ணினா? நாளைக்கு எவனாவது வெறியோட அங்க போய் நின்னா?"

தங்கபுஷ்பம் குனிந்து தாள்களைப் பொறுக்கினாள்.

"நிக்கட்டும் டீச்சர். அது எம் வீடுதான்."