பத்து கோடியே ஒன்று

"காக்கு, இனிமே நீங்க இங்கே வர வேண்டாம்."

கல்கத்தா சால்ட் லேக் வீட்டின் கேட்டைப் பிடித்தபடி நின்றாள் பூர்ணிமா. வெளியே, வங்காள வழக்கப்படி அவள் 'காக்கு', சித்தப்பா, என்று கூப்பிடும் மாமனாரின் நண்பர் முத்துகிருஷ்ணன், கையில் ஜால்முரி என்ற காரப்பொரிப் பொட்டலத்தோடு.

"என்னம்மா ஆச்சு?"

"மாமா ஸ்ட்ரோக்லேர்ந்து இப்பத்தான் தேறிட்டு வர்றார். தலைக்கு வேலை கொடுக்காதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்க என்னடான்னா தினமும் அதே எண்ணைக் கொண்டுவந்து, பகா எண்ணுன்னு சாதிக்கிறீங்க. இல்லைன்னு அவர் தினமும் நிரூபிக்கிறார். ஒரு தடவை சொன்னா புரியாதா உங்களுக்கு?"

முத்துகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குப் புரியும்மா. அவனுக்குத்தான் நேத்து நடந்தது இன்னிக்கு நினைவில்லை. அதனால தினமும் புதுசாக் கண்டுபிடிக்கிறான். அப்போ அவன் முகத்தைப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. கேட்டைத் திறந்துவிட்டாள்.

இருவருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றாள்.

"ரங்கா, பத்து கோடியே ஒண்ணு. இந்தக் கரையில ஒரு ஒண்ணு, அந்தக் கரையில ஒரு ஒண்ணு. நடுவுல ஏழு பூஜ்யம், ஏரி மாதிரி. எதாலேயும் வகுபடாது."

"அப்படியா சொல்றே?"

மாமனார் ரங்கராஜன் பேப்பர் ஓரத்தில் பென்சிலை ஓட்டினார்.

"ஏழு... போகலை. பதினொண்ணு... ம்ஹும். பதிமூணு..."

பென்சில் நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தார். டீ ஆறியது. முத்துகிருஷ்ணன் பொரியைக்கூட மெல்லவில்லை.

"பதினேழு!"

"ஐயோ, போச்சா!"

"ஈவைப் பாருடா. ஐம்பத்தெட்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து முன்னூத்தி ஐம்பத்திமூணு. அதை நடுவுல ஒடிச்சா 588, 2353. ரெண்டையும் தனித்தனியா வர்க்கமாக்கிக் கூட்டு. அதே ஈவு திரும்பி வரும். ஒடிச்சுப் போட்டாலும் தானா ஒட்டிக்குது!"

கோணிப்போயிருந்த அந்த வாய் முழுதாகச் சிரித்தது. மாலை வெயில் பேப்பர் மேல் ஊர்ந்தது. எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார் ரங்கராஜன். அந்த ஏரியை அவரோடு சேர்ந்து தானும் பார்ப்பதுபோல் இருந்தது பூர்ணிமாவுக்கு.

"தோத்துட்டேன்பா," என்று முத்துகிருஷ்ணன் எழுந்து போனார்.

டம்ளர்களை எடுக்க வந்தவளை ரங்கராஜன் அருகே கூப்பிட்டார்.

"கேட்ல நீ பேசினது காதுல விழுந்துது. நாளைக்கு முத்துவைத் தடுக்காதேம்மா."

"இல்ல மாமா, அவர் எல்லாம் சொன்னார்..."

"அவன் என்ன சொல்வான், பாவம். அவனுக்கு மறதி. தினமும் அதே எண்ணைத் தூக்கிட்டு வர்றான். டக்குனு பதினேழுன்னா முகம் வாடிடும்னுதான், பதிமூணுல கொஞ்ச நேரம் திணறுற மாதிரி நடிக்கிறேன். நீ காட்டிக் கொடுத்துடாதே."