மஞ்சள் நாடா

"அந்த ஆளைப் பாருடி யூட்டே, வண்டிங்களையே சுத்திச் சுத்திப் போட்டோ எடுக்கிறான்."

கோபன்ஹேகனின் அந்தக் காபிக் கடை வாசலில், வழக்கம்போல் நான்கு குழந்தை வண்டிகள், எல்லாமே கறுப்பு, குளிரில் வரிசையாக நின்றன. வண்டிகளுக்குள் பிள்ளைகள் தூங்கின; ஒன்றில் சிக்னேயின் மகள்.

"ஊர் சுத்த வந்தவனா இருப்பான். குழந்தையை வெளியே தூங்க வைக்கிறது அவனுக்கு அதிசயம். நீ காபியைக் குடி, சிக்னே" என்றாள் தோழி யூட்டே.

அவன் குனிந்து ஒரு வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான். சிக்னே கோட்டைக்கூட மாட்டாமல் பாய்ந்துபோய், அந்த வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"மேடம், நில்லுங்க!"

அவள் தெருவைக் கடந்தாள், அவனும் கடந்தான். அவள் ஓடினாள், அவனும் ஓடினான். பாலத்தின் நடுவே முந்திவந்து, வண்டியை மறித்து நின்றான்.

"தள்ளிப் போடா! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"தாராளமா கூப்பிடுங்க. நான் லிஸ்பன்காரன். ஒவ்வொரு தலைநகரமா பார்த்துட்டு வர்றேன், இப்படி ஒரு வழக்கத்தை எங்கேயும் பார்த்ததில்லை. அதான் நீங்க வந்ததுல இருந்தே எடுத்துட்டிருந்தேன்." மூச்சு வாங்கக் கேமராவை நீட்டினான். "நீங்களே பாருங்க."

படத்தில் சிக்னே குனிந்து மகளின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வண்டியின் கைப்பிடியில் அவள் கட்டிய மஞ்சள் நாடா.

இப்போது அவள் இறுகப் பிடித்திருந்த கைப்பிடியில் நாடா இல்லை.

வண்டியை மூடியிருந்த வலையை விலக்கினாள். யார் பெற்ற பிள்ளையோ, அவளைப் பார்த்துச் சிரித்தது.