வரிசை எண் ஒன்று

"சார், உங்க டேட்டாபேஸ் பொய் சொல்லுது."

தொகுப்பாளருக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. வாசலில் நின்றவள் கீழ்மாடி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண். கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"உட்காரும்மா. எங்க டேட்டாபேஸா? பொய்யா?"

"செல்லுக்குள்ள எண்ணெய்ச் சொட்டு மாதிரி துளித்துளியா திரளுற புரதங்களை எல்லாம் சேர்த்து வெச்சிருக்கீங்களே, அதுல என் புரதமும் இருக்கு. அதை நம்பித்தான் வேலையை ஆரம்பிச்சேன். உப்பைக் கூட்டிப் பார்த்தாச்சு, குறைச்சுப் பார்த்தாச்சு. சூடாக்கியாச்சு, குளிர வெச்சாச்சு. பேருக்கு ஒரு துளி வரணுமே? ம்ஹூம்!"

"எந்தப் புரதம்?"

சொன்னாள். மூன்றே எழுத்துப் பெயர். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அது எங்க முதல் பதிவும்மா! வரிசை எண் ஒண்ணு. அதுலதான் எல்லாத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டோம். அதுல எப்படித் தப்பு வரும்?"

தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆய்வகத்தில் தன் கை பட்ட கண்ணாடிச் சாமான் எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை, அதனால்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் கண்டுபிடிப்பதை ஆதாரம் பார்த்து டேட்டாபேஸில் ஏற்றுவதுதான் அவர் வேலை. 'எங்க அப்பா சொட்டுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கறார்' என்று மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள். 'சாப்பாட்டு நேரம் வந்தா பாதி வாக்கியத்துல எழுந்து போயிடுவார், மீதி வாக்கியம் அப்படியே நிக்கும்' என்பது மனைவியின் கணிப்பு. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். டேட்டாபேஸை மட்டும் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

"சார், இந்த மாசக் கடைசியில என் வேலையை நீட்டிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. 'உன் கை சரியில்லை'ன்னு எங்க ஆய்வகத் தலைவி மேடம் முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. பேசாம நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன். அந்தப் பதிவு தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, என் மேல பழி வராது."

அவருக்குப் பாவமாக இருந்தது. எதற்கும் ஆதாரத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மவுஸைத் தொட்டார். மணி ஒன்று அடித்தது. கை தானாக டிபன் பாக்ஸுக்குத் தாவியது.

"பார்க்கவே வேண்டாம்மா. ஒரு புரதம் எங்ககிட்ட உள்ளே நுழையணும்னா மைக்ரோஸ்கோப் படம் வேணும், ரெண்டு துளி ஒண்ணா சேர்றதைக் காட்டணும், இன்னொருத்தர் சரிபார்க்கணும். பேங்க்ல லோன் கொடுக்கறவங்ககூட இவ்வளவு குடைய மாட்டாங்க. அது துளியாகும், எழுதி வெச்சுக்கோ."

"எப்படி சார் ஆகும்?"

மூடியைத் திறந்தபடி வாயில் வந்ததைச் சொன்னார். "செல்லுக்குள்ள அது தனியாவா இருக்கு? கூடமாட ஆர்.என்.ஏ.வையும் கொஞ்சம் சேர்த்துப் பாரேன். ராஜினாமா எங்கே போயிடப் போகுது, அப்புறம் எழுதலாம்."

அவள் போன பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வீம்புக்குப் பேசி ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ? நாளைக்கு முதல் வேலையாக அந்தப் பதிவைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய 'நாளைக்கு' எப்படிப்பட்டது என்று மனைவியைக் கேட்டால் தெரியும்.

மாதக் கடைசியில் கதவு தடாலென்று திறந்தது.

"சார், வந்துடுச்சு!"

போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கறுப்புத் திரையில் பச்சைப் பச்சையாகத் துளிகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு துளிகள் உரசி, தயங்கி, ஒன்றாகிவிட்டன.

"நீங்க சொன்ன மாதிரியே ஆர்.என்.ஏ. சேர்த்தேன் சார். புரதத்தோட வாலை வெட்டிட்டா துளி வரலை, வெட்டாம விட்டா வருது. மேடம் நம்பாம தானே பண்ணிப் பார்த்தாங்க, அவங்களுக்கும் வந்துச்சு. வேலையை நீட்டிச்சுட்டாங்க சார்!"

சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சூட்டில், இல்லாத மீசையையும் ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே. எங்க டேட்டாபேஸ்னா சும்மாவா?"

"எல்லாரும் கைவிட்டப்போ நீங்க ஒருத்தர்தான் சார் அசையாம நின்னீங்க. கட்டுரையில உங்களுக்குத் தனியா நன்றி போடறோம். இன்னொண்ணு, இதை முதன்முதல்ல கண்டுபிடிச்சவர் பேரையும் போடணும்னு மேடம் சொல்றாங்க. தேடிப் பார்த்தேன். எல்லாக் கட்டுரையும் உங்க டேட்டாபேஸைத்தான் காட்டுது. அதுல போய்ப் பார்த்தா 'தொகுப்புக் குழு'ன்னு மட்டும்தான் எங்க கண்ணுக்குத் தெரியுது. அந்த மகானுபாவர் யார் சார்?"

"அதுக்கென்ன, இப்பவே பார்த்துட்டா போச்சு."

அவளும் பார்க்கட்டும் என்று திரையைப் பெருமையாகத் திருப்பி வைத்து, வரிசை எண் ஒன்றைத் திறந்தார். ஆதாரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே, தொகுப்பாளர் மட்டுமே பார்க்கக்கூடிய குறிப்புக் கட்டத்தில், டேட்டாபேஸ் தொடங்கிய அன்று அவரே தட்டி வைத்த ஒரு வரி: 'பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க, பெயர் சின்னதாக இருந்ததால் இதைச் சும்மா போட்டேன்; சாப்பிட்டுவிட்டு வந்ததும் அழித்துவிட வேண்டும்.'