மடியை உதறும் நேரம்

கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின நாள், பங்களாத் தோட்டம் தோட்டக்காரி எஸ்தருக்குச் சந்தோஷத்தை வாரிக் கொடுத்தது. பட்டுப்போனதென்று அவள் கைவிட்ட ரோஜா துளிர்த்திருந்தது. செம்பருத்திப் புதருக்குள் கொண்டைக்குருவி குஞ்சு பொரித்திருந்தது. டேலியாப் பாத்தியைக் கிளறும்போது களைக்கொத்தின் நுனியில் ஒற்றை வைரத் தோடு மினுங்கியது. பங்களா அம்மாவின் தோடு. போன வருஷம் அது தொலைந்ததிலிருந்து, தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது எஸ்தர் வாசலில் நின்று சேலை மடியை உதறிக் காட்ட வேண்டும். “மடியில கனமில்லேன்னா வழியில எதுக்குடி பயம்?” என்பாள் அம்மா. டிரைவரும் வாட்ச்மேனும் வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது தோட்டைக் கொடுத்தால் அம்மா இரண்டு காதும் ஜொலிக்கப் பண்டிகை கொண்டாடுவாள். ஆனால் எஸ்தர் ஒரு வருஷமாக உதறிய மடி உதறியதுதான். எஸ்தர் வாசற்படியோரம் குழி பறித்துத் தோட்டைப் போட்டாள். அதன்மேல் சாமந்தி நாற்றை நட்டு, மண்ணைக் குதிகாலால் அழுத்தினாள். சாயங்காலம், கூப்பிடுமுன்பே போய் மடியை உதறினாள். நாலு விதைகள் உதிர்ந்தன.

“என்னடி, இன்னிக்கு இவ்வளவு சிரிப்பு?”

“பண்டிகை வருதில்லம்மா. நான் திரும்பி வர்ற வரைக்கும், இந்தச் சாமந்திக்கு மட்டும் தினம் உங்க கையால தண்ணி ஊத்துங்க.”