மதில் சீட்டு

அந்தச் சீட்டாட்டம் பாக்கெட் பாக்கெட்டாகக் கடைக்கு வந்தது; இரண்டாம் பாக்கெட்டில் மதில் சீட்டு உண்டு. எதிராளியின் சீட்டைச் சுற்றி வைத்துவிட்டால் எந்த யானைச் சீட்டாலும் இடிக்க முடியாது. பாக்கெட்டின் பலம் அதுதான். உள்ளே சிக்கிய சீட்டு சாகாது, ஆட்டமும் முடியாது, குறையும் அதுதான். மதிலைத் திறக்கும் சீட்டு மூன்றாம் பாக்கெட்டில்தான் வந்தது. அதை வாங்கக் குழந்தைவேலு சம்மதிக்கவில்லை. “ஆட்டம் முடியட்டும், உங்கம்மா வீட்டுக்குத் தாராளமா போ,” என்று மனைவி பூரணியிடம் சித்திரையில் சொன்னான். இப்போது ஐப்பசி மழை. அவளுடைய ராணி மதிலுக்குள் இருந்தது, ஊருக்குக் கட்டிய பை கதவோரம் இருந்தது.

“சீட்டை இறக்கு,” என்றான்.

“மதிலை நல்லாத்தான் கட்டியிருக்காங்க. வாசல் வைக்க மறந்துட்டாங்க.”

“பழைய பாக்கெட் அப்படித்தான். இறக்கு.”

பூரணி சீட்டைத் தொடவில்லை. ஓடிப்பிடித்து விளையாடும்போது ஆட்டத்தை நிறுத்தச் சிறுபிள்ளைகள் செய்வதுபோல் கட்டைவிரலை உயர்த்தினாள். “அம்பேல்.”

அவன் விதித்தாளை இரண்டு பக்கமும் புரட்டினான். அம்பேல் கூடாது என்று எங்கும் இல்லை. “விரலை இறக்கினா மறுபடி ஆட்டம்தான்,” என்றான் கடைசியில்.

அவள் கதவோரம் போனாள். கட்டைவிரலை மடக்காமல், மற்ற நான்கு விரல்களால் பையைத் தூக்கிப் பார்த்தாள்.